மனம் நோகாமைப் பிரிவு

எல்லோரும் இன்ஜினியர் என்று கூப்பிட்டாலும் அவர் இன்ஜினியர் இல்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா, இப்ப தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டே பாதி ஆயுசை ஓட்டியவர். ஒருநாள் மைத்துனன் இவர் வீட்டுக்கு வந்திருந்தபோது இன்டர்நெட் வரவில்லை. இவர் எழுந்துபோய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார், வந்துவிட்டது. "அத்தான் பெரிய இன்ஜினியர்தான் போங்க!" என்று அவன் கிண்டலடித்தான். அது கிண்டல் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது. அன்றிலிருந்து குடும்பத்தின் அத்தனை கம்ப்யூட்டர் வியாதிகளுக்கும் அவரே வைத்தியர்.

அந்த மிதப்பில்தான் பெட்டியை வாங்கினார். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர்களில் உள்ளதையெல்லாம் காற்று வழியாகவே இழுத்து, தன் வயிற்றில் ஒரு நகல் போட்டு வைத்துக்கொள்ளும் பெட்டி. ஒரு கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டாலும் நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். இதற்குப் பேக்கப் என்று பெயர். செருப்பு அலமாரிக்கு மேலே அதை ஏற்றிவைத்தார். முன்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"இனி இந்த வீட்டுல ஒரு துரும்புகூடத் தொலையாது" என்று அறிவித்தார்.

"அதுக்கு ஏதோ பாஸ்வேர்ட் இருக்காமே, எனக்கும் சொல்லி வைங்களேன்" என்றாள் மனைவி.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ பாட்டுக்கு எதையாவது அமுக்கி வெச்சிடுவே."

மனைவி உடுப்பு வெட்டுபவள். கடையில் தொங்குகிற உடுப்பு எந்தப் பிள்ளைகளுக்குச் சரிப்படாதோ அந்தப் பிள்ளைகளுக்காக வெட்டுபவள். கையைத் தூக்க முடியாத பிள்ளைக்குத் தோளில் திறக்கிற சட்டை, சக்கர நாற்காலியை விட்டு இறங்காத பிள்ளைக்கு இடுப்பில் உறுத்தாத கால்சட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி பேட்டர்ன். கம்ப்யூட்டரில் வரைய வேண்டும், துணியில் வெட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும், பிள்ளை அழும், கழற்ற வேண்டும், அரை விரல் தள்ளி மறுபடி வரைய வேண்டும். ஒரு பேட்டர்ன் படிந்து வருவதற்குள் பிள்ளைக்கும் அவளுக்கும் போதும் போதும் என்றாகிவிடும். அப்படிச் சேர்த்த வருஷக்கணக்கான உழைப்பு முழுவதும் அவளுடைய லேப்டாப்பில் இருந்தது.

அவளும் ஒருதடவை வாய்விட்டுக் கேட்கத்தான் செய்தாள். "ஏங்க, அந்தப் பெட்டியில என்னோடதெல்லாம் ஒழுங்கா ஏறுதா?"

"பச்சை எரியுதுல்ல?" என்றார் இன்ஜினியர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் பார்த்து லேப்டாப் டொக் டொக் என்று சத்தம் போட்டு அடங்கிவிட்டது. பழுது பார்க்கிறவர் உள்ளே திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அத்தனை பிள்ளைகளுக்கும் சீருடை தைத்தாக வேண்டும். மனைவி பதறவே இல்லை. "நல்லவேளை, பெட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கப் போய்விட்டாள்.

இன்ஜினியர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மனைவியின் பெயர் போட்ட இடத்தில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. பெட்டி வாங்கிய அன்று, அதன் பக்கத்தில் நின்று, முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவரே சிரித்து எடுத்து, மனைவியின் லேப்டாப்பில் போட்டுவைத்த படம். பேட்டர்ன் ஒன்றுகூட இல்லை.

"கிடைச்சுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒரு சின்னக் கோளாறு. கம்பெனிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன்" என்றார்.

ஒரு வார்த்தையாம்! போனை எடுத்த பெண்ணின் குரலில் தேன் சொட்டியது.

"வணக்கம் சார். எங்க பெட்டியைத் தேர்ந்தெடுத்த உங்க அறிவுக்கு முதல்ல எங்க பாராட்டு. இப்ப உங்க மனசு எப்படி இருக்கு?"

"மனசு கிடக்கட்டும்மா. பெட்டி காலியா இருக்கு."

"ஒரு சின்ன வேண்டுகோள் சார். 'காலி'ங்கிற வார்த்தையை நாங்க சொல்றதில்லை. 'இடம் தாராளமா இருக்கு'ன்னு சொல்வோம்."

"சரி, இடம் தாராளமா இருக்கு. அதுல இருக்க வேண்டியது எங்கே?"

"பெட்டியை ஒருதடவை அணைச்சுட்டுப் போடுங்க சார்."

அணைத்தார். போட்டார்.

"அற்புதம் சார்! எவ்வளவு நிதானமா அணைச்சீங்க! எல்லாருக்கும் இந்தப் பக்குவம் வராது. பச்சை எரியுதா?"

"எரியுது."

"அப்ப பேக்கப் வெற்றி. வாழ்த்துகள் சார்!" பின்னணியில் பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். லைன் அறுந்துவிட்டது.

மறுபடி கூப்பிட்டார். ஒயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். பெட்டியை மோடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள், வைத்தார். தள்ளி வைக்கச் சொன்னார்கள், தள்ளி வைத்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். அது பெட்டிக்கா தனக்கா என்று புரியாமல் அதையும் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாராட்டு, ஒரு கைதட்டல்.

"என்னங்க, கைதட்டற சத்தம் கேக்குதே, கிடைச்சிடுச்சா?" என்று மனைவி ஆவலோடு எட்டிப் பார்த்தாள்.

இன்ஜினியருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இல்லை, சும்மா தட்டறாங்க" என்று மென்று விழுங்கினார்.

கடைசியில், கெஞ்சாத குறையாகக் கெஞ்சி, மேல்மட்டத்து ஆள் ஒருவரைப் பிடித்தார். அந்த ஆள் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்போலப் பேசினார். "பெட்டிக்குள்ள எப்ப என்ன நடந்துச்சுங்கிற விவரம் எல்லாம் பதிவாகியிருக்கும் சார். நான் இங்கேயிருந்தே பார்த்துடறேன்" என்றார். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அடக் கடவுளே!" என்று கேட்டது.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை சார். இருமல்."

"இருமல் இல்லை, நீ சிரிச்சே. எனக்குக் கேட்டுது. என்ன இருக்கு அதுல?"

"எனக்குத் தெரியுது சார். ஆனா சொல்ல அதிகாரம் இல்லை. சொன்னா உங்க மனசு நோகும். யார் மனசும் நோகக் கூடாதுங்கிறதுதான் எங்க கம்பெனியோட முதல் விதி."

"நொந்தா நொந்துட்டுப் போகுது, சொல்லுப்பா!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க சார். அப்புறம் நிஜமாவே நொந்துபோறாங்க. நீங்க நேரா எங்க தலைமை அலுவலகத்துல மனம் நோகாமைப் பிரிவுக்குப் போயிடுங்க. போறப்ப வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போங்க சார், தயவுசெய்து."

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு பரிவு இருந்தது பாருங்கள், அதுதான் இன்ஜினியரை ரொம்பவும் பயமுறுத்தியது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். அலுவலகம் பெரியது, குளுகுளுவென்று இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டால் கூச்சமாக இருக்கும் என்று ஏற்பாடாம். கை கழுவுகிற இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். அவருடைய டோக்கனில் 'ஒன்று' என்று போட்டிருந்தது. ஆகா, நாம்தான் முதல் ஆள் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டோக்கன் ஒன்று!" என்று கூப்பிட்டார்கள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள்.

எல்லோர் கையிலும் ஒன்றாம் எண்தான். கடைசி எண் கிடைத்தவர் மனம் நோகுமே! யாருக்கும் மற்றவரைத் திரும்பிப் பார்க்க விருப்பமில்லை, முந்திக்கொண்டு போகவும் விருப்பமில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றபடியே, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டார்கள். யாரும் போகவில்லை. மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். மதியம் வரை இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் இன்ஜினியர்தான் பொறுமை இழந்து, தலையைக் குனிந்துகொண்டே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே நிம்மதி அதிகாரி இருந்தார். நடுவயதுப் பெண்மணி. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி, ஒரு டம்ளர் தண்ணீர்.

"உக்காருங்க சார். நீங்க நல்லவர்" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் மேடம். என் மனைவியோட பேட்டர்ன் எல்லாம் என்ன ஆச்சு? அதை மட்டும் சொல்லுங்க. பிள்ளைங்க துணி இல்லாம நிக்குதுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்களைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்." அதிகாரி தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். "ஒரு காலத்துல இங்கே பழுது பார்க்கிறவங்க இருந்தாங்க சார். நிறையப் பேர் இருந்தாங்க. அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, என்ன தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சு, பட்டுனு சொல்லிடுவாங்க. ஜனங்க அழுதாங்க. திட்டினாங்க. புகார் குவிஞ்சுது. மேலிடத்துல உக்காந்து யோசிச்சாங்க. பழுதைக் குறைக்கறது கஷ்டம், புகாரைக் குறைக்கறது சுலபம்னு தெரிஞ்சுது. பழுது பார்க்கிறவங்களை எல்லாம் அனுப்பிட்டு, ஆறுதல் சொல்றவங்களை எடுத்தோம். இப்ப புகாரே இல்லை. போன வருஷம் எங்களுக்கு விருதுகூடக் குடுத்தாங்க."

"யாரு குடுத்தாங்க?"

"நாங்கதான். வேற யாராவது வாங்கியிருந்தா எங்க மனசு நோகுமில்ல?"

இன்ஜினியர் திருதிருவென்று விழித்தார். "சரி மேடம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேக்கப் ஏறலைன்னா பெட்டி எனக்குச் சொல்லியிருக்கணுமா இல்லையா? தினம் பச்சைதானே எரிஞ்சுது?"

"ஆரம்பத்துல சிவப்பு விளக்கும் இருந்துச்சு சார்" என்றார் அதிகாரி பெருமையோடு. "சிவப்பைப் பார்த்தா ஜனங்க பதறிப்போறாங்க. ராத்திரி தூக்கம் வரலைன்னு சொன்னாங்க. அதனால எடுத்துட்டோம். இப்ப பெட்டியில பச்சை பல்ப் மட்டும்தான். கரன்ட் இருந்தா பச்சை எரியும்."

"அப்ப பச்சை எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"கரன்ட் இருக்குன்னு அர்த்தம்."

இன்ஜினியரின் காதில் அவருடைய குரலே ஒலித்தது. பச்சை எரியுதுல்ல? பச்சை எரியுதுல்ல? கண் பரிசோதனை செய்து பிழைக்கிறவர், ஒரு பல்பைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். வெளியே யாருக்காவது தெரிந்தால் கடைப் பக்கம் எவன் வருவான்?

"நடந்தது என்னன்னு சொல்லுங்க" என்றார்.

"நீங்களா விரும்பிக் கேக்கறீங்கன்னு சாட்சி வேணும் சார். கூடத்துல போய், 'நான் வெட்கப்படத் தயார்'னு உரக்கச் சொல்லிட்டு வாங்க."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதர் போனார். கூடத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, "நான் வெட்கப்படத் தயார்" என்று சொன்னார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பாமலே கைதட்டினார்கள்.

திரும்பி வந்ததும் அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனிதரின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரு வீடு. அங்கே ஒரு பெட்டி. வந்த வாரமே அந்த வீட்டம்மாவோட லேப்டாப்புல இருந்து ஃபைலெல்லாம் ஏற ஆரம்பிச்சிருக்கு. முதல் தடவைங்கிறதால இன்டர்நெட் கொஞ்சம் மந்தமாயிருக்கும். அன்னிக்கு ராத்திரி ஏதோ இறுதி ஆட்டம், அதே வீட்டுல வேற ஒருத்தர் அதைப் பார்த்துக்கிட்டிருந்திருப்பார். படம் நின்னு நின்னு வந்திருக்கும், பாவம். பெட்டிக்குள்ள போய், அந்தம்மாவோட பேக்கப்பை நிறுத்தி வெச்சுட்டார். எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு பெட்டி கேட்டிருக்கு. 'ஒரு மணி நேரம்', 'நாளை வரை', 'நான் சொல்லும் வரை'. அவர் மூணாவதை அமுக்கியிருக்கார். அப்புறம் அவர் சொல்லவே இல்லை."

"யாரு அவர்?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"அந்த வீட்டுல பாஸ்வேர்ட் தெரிஞ்சவர்" என்று சொல்லிவிட்டு அதிகாரி டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார்.

இன்ஜினியருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கால்பந்து இறுதி ஆட்டம். பந்து கோலுக்குப் பக்கத்தில் போகிற நேரத்தில் படம் உறைந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரன் "கோல்!" என்று கத்துவது சுவர் வழியாகக் கேட்டது. வந்த எரிச்சலில் ஓடிப்போய் அமுக்கினார். ஆட்டம் முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அவருடைய அணி தோற்றுப்போயிற்று, மனசு சரியில்லை, போய்ப் படுத்துவிட்டார். அதன் பிறகு அத்தனை காலமும், பக்கத்து அறையில் அவள் அரை விரல் அரை விரலாகத் திருத்தித் திருத்தி வரைந்துகொண்டிருந்தாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அழுகைகூட வரவில்லை. அழுதால் அந்த அம்மாள் பாராட்டுவாள் என்று பயமாக இருந்தது.

"கவலைப்படாதீங்க சார்" என்று அதிகாரி இழுப்பறையைத் திறந்து, தங்கநிற ஓரம் வைத்த ஒரு சான்றிதழை நீட்டினார். "இது நிம்மதிச் சான்று. 'இந்த இழப்பு யாருடைய செயலாலும் ஏற்படவில்லை, சூழ்நிலையால் ஏற்பட்டது' அப்படின்னு போட்டிருக்கோம். வீட்டுல காட்டிடுங்க. நாங்க செய்யற பொருள்லயே நல்லா ஓடறது இதுதான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். கை நீண்டுவிட்டது.

வீட்டில் மனைவி அதை நின்றபடியே படித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் இப்படி இடிஞ்சுபோய் நிக்கறீங்க? அந்தப் பெட்டி பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று மாலையே பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் பண்ண ஆரம்பித்தாள். "மறுபடி அளவெடுக்கணும்மா, கூட்டிட்டு வர முடியுமா? தெரியும்மா, தொட்டாலே அழுவான்னு தெரியும். மன்னிச்சுக்கோங்க. இல்லை இல்லை, யார் தப்பும் இல்லை, மெஷின் கோளாறு. எங்க வீட்டுக்காரர் பாவம், சோறு தண்ணி இல்லாம அலைஞ்சார் இதுக்காக." பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர் கூனிக் குறுகிப்போனார். அவர் செய்த தப்புக்கு அவள் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். போதாததற்கு அவருக்கு நற்சான்றிதழ் வேறு.

ஒரு பிள்ளை வந்தது. கழுத்து சாய்ந்த சின்னப் பெண். அளவு நாடா தோளில் பட்டதும் வீரிட்டு அழுதது. "முடிஞ்சுது கண்ணு, முடிஞ்சுது கண்ணு" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள், முடிவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பிள்ளையின் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மனைவி மேஜையில் துணியை விரித்தாள். "இந்த ஓரத்தை இழுத்துப் பிடிங்க" என்றாள். இன்ஜினியர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவருடைய போன் மணியடித்தது.

"பிடியை விடாதீங்க, கோணிடும்" என்று சொல்லி மனைவியே போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டு மேஜையில் வைத்தாள். பேசியது ஒரு இயந்திரக் குரல்.

"வணக்கம். மனம் நோகாமைப் பிரிவிலிருந்து அழைக்கிறோம். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. எங்கள் சேவையின்போது எந்த நேரத்திலாவது நீங்கள் வெட்கப்பட நேர்ந்ததா? இல்லை என்றால் எண் ஒன்றை அழுத்தவும். ஆம் என்றால் எண் இரண்டை அழுத்தவும்."

"இது என்னங்க கேள்வி!" என்று மனைவி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ஒண்ணுதானே? அமுக்கிடவா?"

அவள் விரல் போய்விட்டது.

"இரு" என்றார் இன்ஜினியர். "ரெண்டு."

"என்ன?"

"ரெண்டை அமுக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டை அமுக்கினாள்.

"வருந்துகிறோம்" என்றது குரல். "வெட்கத்துக்கான காரணத்தை இப்போது உங்கள் வாயால் கூறவும்."

இன்ஜினியர் துணியை விடாமல் போனைப் பார்த்தார். "பேக்கப்பை... நிறுத்தினது நான்தான்" என்றார்.

"மன்னிக்கவும். நீங்கள் கூறியது புரியவில்லை. மீண்டும் கூறவும்."

"நான்தான் நிறுத்தினேன். ஆட்டம் பார்க்கறப்ப படம் நின்னு நின்னு வந்துச்சு. அதுக்காக நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"மன்னிக்கவும். நீங்கள் கூறியது புரியவில்லை. மீண்டும் கூறவும்."

இப்போது அவர் போனைப் பார்த்துப் பேசவில்லை. "நீ என்கிட்ட கேட்டே. என்னோடது ஏறுதான்னு கேட்டே. நான் திரும்பிக்கூடப் பார்க்காம பச்சை எரியுதுல்லன்னு சொன்னேன். எனக்கு ஒரு இழவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன். அந்தச் சான்றிதழ் பொய். தெரிஞ்சேதான் உன்கிட்ட கொண்டுவந்து குடுத்தேன். அந்தக் குழந்தை அழுததே, அது என்னாலதான்."

"மன்னிக்கவும்" என்றது குரல். "நீங்கள் கூறியது..."

மனைவி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எனக்குப் புரிஞ்சுது" என்று அதனிடம் சொல்லிவிட்டு அணைத்தாள்.

செருப்பு அலமாரிக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அவரைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தையல் சாக்கட்டியை எடுத்து, அவர் பிடித்திருந்த துணியில் கோடு இழுத்தாள். கோட்டை முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அந்தப் பெட்டியோட பாஸ்வேர்ட் என்ன?"

இன்ஜினியருக்குக் காது மடல் வரை சூடேறியது. மைத்துனன் அன்றைக்கு வைத்த பெயரைத்தான் அவர் பாஸ்வேர்டாகப் போட்டிருந்தார், முன்னால் 'பெரிய' என்று சேர்த்து. குனிந்துகொண்டு, வாய்க்குள்ளேயே சொன்னார்.

"காதுல விழலை" என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்லுங்க. உரக்க."